கரிசல் நிலத்தில் பெங்களூர் வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு, மனைப் பக்கங்களை விடாமல் படிப்பவன் நான். சுவர் வெடிப்பை அடைக்கும் பசைகள், நீர் கசியாத பூச்சுகள், துருப்பிடிக்காத கம்பிகள் ஆகியவை பற்றி அங்கே நிறைய எழுதப்படுகிறது. அந்த வெடிப்புகளில் பெரும்பகுதி சுவருக்குக் கீழே கிடக்கும் மண்ணில் பிறந்தவை என்பதைப் பற்றித்தான் ஒன்றும் காணோம். பெங்களூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அப்படி இருந்தும் சொந்த ஊரில் கரிசல் மண்ணின் மேல் வீடு கட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையிலும், சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஜாலஹள்ளி, பீன்யா, கிருஷ்ணராஜபுரம், அல்சூர் என இந்நகரில் தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், ஆலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, கிடைக்கும் சேமநிதிப் பணத்தில் ஊரில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று நினைக்காதவர்கள் குறைவு. அவர்களில் பலருக்கு ஊர் என்பது கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை என்று கரிசல் சீமையாகவே இருக்கிறது. கோவைப் பக்கத்துக்காரர்கள் சிலருக்கும் அப்படியே. வீட்டின் வரைபடம் பெங்களூரில் வரையப்படுகிறது. அஸ்திவாரத்தின் ஆழம், கம்பியின் கனம், கலவையின் விகிதம் எல்லாம் இங்கே தெரிந்த பொறியாளர் ஒருவர் சொன்னபடி முடிவாகின்றன. அவர் சொல்வது பெங்களூருக்குச் சரி. இங்குள்ள மண் பெரும்பாலும் நைஸ் (gneiss) என்னும் பாறை மக்கி உண்டான செம்மண். அதில் இருக்கும் களிமண் கனிமம் முக்கியமாகக் கயோலினைட். அது நனைந்தாலும் காய்ந்தாலும் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. நான்கு அடிக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, கருங்கல் வைத்து, மேலே இரண்டு மாடி ஏற்றினாலும் இந்த மண் தாங்குகிறது. அதே நான்கு அடியைக் கரிசலில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் என் செலவில் கற்றுக்கொண்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் 2009-இல் வீடு கட்டத் தொடங்கினோம். அண்ணன் கூட இருந்து கவனித்தார். நான் இங்கிருந்து பணமும் வரைபடமும் அனுப்பினேன். வானம் தோண்டிய அன்று ஊர்க் கொத்தனார் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "சுக்கான் தட்டுற வரைக்கும் போங்கய்யா, இதுல நிக்காது" என்றாராம். சுக்கான் என்பது கரிசலுக்கு அடியில் கிடக்கும் கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவு. அண்ணன் தொலைபேசியில் என்னைக் கேட்டார். கூடுதல் ஆழத்துக்கு ஆகும் கூலியையும் கல்லையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கம்பியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், ஆழம் போதும் என்று சொன்னவன் நான்தான். நாள் முழுவதும் பிறருடைய மண்ணைச் சலித்து, நனைத்து, உலர்த்தி, அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நான், எங்கள் மனையிலிருந்து ஒரு படி மண்ணை எடுத்து வரச் சொல்லவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மழைக்காலம் போன பிறகு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்புகள் கிளம்பின. கார்த்திகையில் முன்கதவு நிலையில் இறுகிக்கொண்டது. சித்திரையில் தானாக விட்டுக்கொடுத்தது. மரம் ஊதிவிட்டது என்று தச்சரை வைத்து இழைத்தோம். மறுகோடையில் கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழைந்தது. அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, ஊருக்குப் போயிருந்தபோது கொல்லைப்புறத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தேன். எட்டாவது அடியில் கடப்பாரை சுக்கானில் 'டங்' என்று பட்டது. நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் நான்கு அடிதான்.

அந்தக் குழியின் மண்ணை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்து நானே பரிசோதித்தேன். இந்தப் பரிசோதனை எவ்வளவு எளியது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மண்ணை உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்காக எடுத்து, 100 மில்லி அளவு கொண்ட இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். காற்றுக் குமிழிகள் போகும்படி கிளறி, ஒரு நாள் அசையாமல் வைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். மறுநாள் இரண்டு குவளைகளிலும் மண் எத்தனை மில்லி வரை நிற்கிறது என்று பார்த்து, வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது கட்டற்ற ஊதல் குறியீடு. இந்தியத் தர நிர்ணயத்தின் 2720-ஆம் நெறிநூலில் 40-ஆவது பகுதி இதற்கென்றே இருக்கிறது. எங்கள் ஊர் மண் மண்ணெண்ணெயில் 10 மில்லியிலும் தண்ணீரில் 22 மில்லியிலும் நின்றது. அதாவது 120 விழுக்காடு. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஊதல் குறைவு, நூறு வரை நடுத்தரம், நூறிலிருந்து இருநூறு வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம் என்பது 1498-ஆம் நெறிநூலின் வகைப்பாடு. (பெங்களூர்ச் செம்மண்ணை இப்படிச் சோதித்தால் சில சமயம் விடை எதிர்மறை எண்ணாக வரும். கயோலினைட் மண் தண்ணீரைவிட மண்ணெண்ணெயில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம். இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டு அளவுகளின் விகிதத்தையே பார்க்கலாம் என்று முன்மொழிந்தவர்களில் ஒருவர் இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ஸ்ரீதரன்.)

கரிசல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? அதில் மிகுந்திருக்கும் மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. அதனால் தண்ணீர் இடையில் புகுந்து அவற்றை விலக்குகிறது. இதன் ஒரு கிராமில் உள்ள தகடுகளையெல்லாம் விரித்துப் போட முடியுமானால் அவை 700 அல்லது 800 சதுர மீட்டர் பரப்பை மூடும். கயோலினைட்டுக்கு இது 10, 20 சதுர மீட்டர்தான். நனையும்போது விரிந்த மண், காயும்போது சுருங்கி ஆள் உயரத்துக்குக்கூட வெடிக்கிறது. மேல்மண் அந்த வெடிப்புகளுக்குள் உதிர்ந்து விழுந்து கலந்துவிடுவதால்தான் கரிசலைத் தானே உழுதுகொள்ளும் மண் என்கிறார்கள். பருத்திக்கும் கம்புக்கும் கொத்தமல்லிக்கும் வரமாக இருக்கும் இந்தக் குணம் சுவருக்கு எமனாகிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வகை மண்தான். வட கர்நாடகத்தில் இதை எரெ மண் என்பார்கள்; அங்கிருந்து இந்நகருக்கு வேலைக்கு வந்த கன்னட நண்பர்கள் தங்கள் ஊர் வீடுகளைப் பற்றிச் சொல்லும் கதை எங்கள் கதையிலிருந்து எள்ளளவும் வேறுபடுவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கரிசல் எப்போதும் நனைந்தே இருந்தாலும் வீட்டுக்குத் தொல்லை இல்லை. எப்போதும் காய்ந்தே இருந்தாலும் தொல்லை இல்லை. ஈரம் மாறுவதும், அதுவும் வீட்டின் ஒரு பக்கத்தில் மாறி மறுபக்கத்தில் மாறாமல் இருப்பதும்தான் சுவரைக் கிழிக்கிறது. வீடு எழும்பியதும் அதன் நடுப்பகுதி மண்ணுக்கு வெயில் படுவது நின்றுவிடுகிறது. கீழிருந்து ஏறும் ஈரம் ஆவியாக வழியின்றி அங்கேயே தங்குகிறது. சில ஆண்டுகளில் நடுவீடு மெல்ல மேலே எழுகிறது. ஓரங்களோ ஐப்பசியில் ஊதுவதும் பங்குனியில் வற்றுவதுமாக இருக்கின்றன. ஆக, கோடையில் வீடு நடுமுதுகில் தாங்கி நிற்க, ஓரங்கள் தொங்குகின்றன. மேலே அகன்றும் கீழே குறுகியும் செல்லும் வெடிப்பைக் கண்டால் பெரும்பாலும் இதுவே காரணம். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று சொல்லி மேலே கான்கிரீட் போட்டுக் கனத்தைக் கூட்டுபவர்கள், அது ஏறிக்கொண்டிருக்கக்கூடும் என்று ஒருமுறையாவது சந்தேகப்பட வேண்டும்.

கம்பியைக் கூட்டினால் போதும் என்று நான் நினைத்தது எங்கே தவறு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு மாடி வீடு தன் அஸ்திவாரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இறக்கும் சுமை சுமார் 5 முதல் 8 டன். ஊத விடாமல் தடுத்தால் கரிசல் மேல்நோக்கித் தரும் அழுத்தம் 10 டன்னிலிருந்து 30 டன் வரை போகக்கூடும். பத்து மாடிக் கட்டடம் தன் கனத்தாலேயே மண்ணை அமுக்கிப் பிடித்துவிடும். நம் போன்றவர்களின் சிறிய வீட்டைத்தான் அது தூக்கிப் பார்க்கிறது. கம்பியும் பட்டைக் கான்கிரீட்டும் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அடித்தளத்திலும் ஜன்னலுக்கு மேலும் நான்கு சுவர்களையும் இணைத்து ஓடும் பட்டை, வெடிப்பைப் பரவ விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அது மண்ணோடு மல்லுக்கு நிற்கும் வேலையைச் செய்யாது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு முதல் வழி, அந்த முதியவர் சொன்னதுதான்: கரிசலின் ஆழம் ஏழெட்டு அடிக்குள் இருந்தால் அதைக் கடந்து சுக்கானிலோ சரளையிலோ அஸ்திவாரத்தை உட்கார வைத்துவிடுவது. ஆழம் அதற்கு மேல் போனால், ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் தினேஷ் மோகன் முதலானோரின் முயற்சியால் உருவாக்கிக் கொடுத்த குமிழ்த் தூண் முறை இருக்கிறது. கைத்துரப்பணத்தால் குழி துளைத்து, அடியில் மட்டும் ஒரு சிறப்புக் கருவியைச் சுழற்றி, குழியின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குடைந்து, கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். பனங்கிழங்கைத் தலைகீழாக நட்டது போல் அடியில் பருத்து நிற்கும் அந்தத் தூண், கீழிருந்து தாங்குவதோடு, மேல்மண் ஊதிப் பிடித்து இழுக்கும்போது கிளம்பாமல் நங்கூரமாகவும் நிற்கிறது. ஆழமான கரிசலில் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்பது விதி. அந்த ஆழத்துக்குப் பருவ மழையும் கோடையும் எட்டுவதில்லை. தூண்களின் தலைகளை இணைக்கும் உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். இந்த இடைவெளியைக் கண்டால் நம் மேஸ்திரிகளுக்குக் கை அரிக்கிறது; பாம்பு புகும் என்று சொல்லி மண்ணால் அடைத்துவிடுகிறார்கள். மண் ஊதும்போது உத்தரத்தை முட்டாமல் இருப்பதற்காக விட்ட இடம் அது. பாம்புக்குப் பயந்தால் பக்கவாட்டில் மட்டும் ஒரு பலகைக் கல்லைச் சாத்தி மறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, கரிசலை மேலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்கு அகற்றிவிட்டு, ஒட்டும் தன்மை உள்ள ஆனால் ஊதாத மண்ணை அங்கே நிரப்பித் திமிசு போட்டு இறுக்கும் முறை. மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி 1970-களில் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டிய இம்முறை கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய்ப் பணிகளில் கையாளப்பட்டது. கால்வாய்களுக்கான இந்திய நெறிநூலிலும் இடம்பெற்றது. எங்கள் பக்கத்துச் செம்மண் கலந்த கிராவல் இதற்குப் பொருந்துகிறதா என்பதை அதே மண்ணெண்ணெய்ச் சோதனையிலும் ஒட்டும்தன்மைச் சோதனைகளிலும் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பதிலாக மணலை நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கெடுதலையே செய்யும். மணல் தண்ணீரைத் தேக்கி வைத்து அடியிலுள்ள கரிசலுக்குச் சாவகாசமாக ஊட்டுகிறது. வானத்தில் தோண்டியெடுத்த கரிசலையே அடித்தளத்துக்குள் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டுவது இதைவிடப் பெரிய தவறு. அள்ளிப்போடும் வாடகை மிச்சம் என்று செய்கிறார்கள். இரண்டே ஆண்டில் நடுக்கூடத்தில் டைல்ஸ் கூடாரம் போல் எழும்பி நிற்கிறது.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம்பிக்கையும் ஏமாற்றமும் சம அளவில் கலந்திருக்கின்றன. கரிசலோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதல் மாற்றம் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்: சுண்ணாம்பில் உள்ள கால்சியம், களிமண் தகடுகளைச் சுற்றியிருக்கும் சோடியம் முதலியவற்றைத் தள்ளிவிட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள, தகடுகள் ஒன்றோடொன்று திரண்டு, காலில் அப்பும் சேறு கையில் பொலபொலவென்று உதிரும் மண்ணாகிவிடுகிறது. இரண்டாவது மாற்றம் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது: மண்ணின் காரத்தன்மை (pH) 12.4 என்ற அளவுக்கு ஏறியதும் களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்தோடு கூடி, சிமென்ட்டில் உண்டாவது போன்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதை இந்தக் கார அளவைக் கொண்டே கண்டுபிடிக்கும் முறையை ஈட்ஸ், கிரிம் என்னும் இருவர் 1966-இல் வகுத்தார்கள். மண்ணின் எடையில் 3 முதல் 8 விழுக்காடு வரை தேவைப்படுவது வழக்கம். சுண்ணாம்பு புதியதாக இருக்க வேண்டும். மூட்டை பிரிந்து மாதக்கணக்கில் காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு வெறும் வெள்ளை மண்தான். கலந்த பின் ஓரிரு நாள் ஊற விட்டு, அளவான ஈரத்தில் இறுக்கி, காயாமல் ஒரு வாரமாவது பாதுகாக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்தில் சிப்பிச் சுண்ணாம்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த காலம் இருந்தது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் இயற்கையாகவே கால்சியம் அதிகம் என்பதால் அதைக் கலந்தும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் இருந்தால் சுண்ணாம்பே வினையாகிவிடும். சுண்ணாம்பும் களிமண்ணின் அலுமினாவும் சல்பேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகங்கள் உருவாகி, ஏராளமான நீரைத் தங்களுக்குள் பிணைத்துக்கொண்டு பெருக்கின்றன. ஊதலைத் தடுக்கப் போட்ட மருந்தே ஊதலைக் கூட்டிவிடுகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் சுண்ணாம்பு கலந்த ஒரு சாலை இப்படித்தான் மேடுகளாகப் புடைத்தெழுந்து 1980-களில் ஆய்வுக்குள்ளானது. இந்திய அறிவியல் கழகத்திலும் சல்பேட் உள்ள கரிசலைப் பற்றி விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன. சல்பேட் 0.3 விழுக்காட்டைத் தாண்டினால் யோசித்தே சுண்ணாம்பைத் தொட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல், வீட்டைச் சுற்றித் துளையிட்டுச் சுண்ணாம்பு நீரை ஊற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. சல்பேட் இல்லாவிட்டாலும், கரிசலில் நீர் ஊடுருவுவதே கடினம் என்பதால், துளையில் ஊற்றிய சுண்ணாம்பு அதன் ஓரத்தைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. மண்ணோடு கலந்து பிசைந்தால்தான் அது வேலை செய்யும். கட்டி முடித்த வீட்டுக்குக் கீழே பிசைய முடியாது. ஆகவே சாலைக்கும் முற்றத்துக்கும் புதிய மனைக்கும் சுண்ணாம்பு நல்ல மருந்து; பழைய வீட்டுக்கு அவ்வளவாக அல்ல என்பது என் கணிப்பு. பாலிப்ரொப்பிலீன் இழை, தென்னை நார், ஜியோகிரிட் வலை போன்றவற்றை மண்ணில் சேர்த்து வலுவூட்டும் முறைகளும் இருக்கின்றன. அவை சாலைப் பணிக்கே அதிகம் உதவுகின்றன. சிறிய வீட்டுக்காரர் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கட்டி முடித்து, வெடித்தும் விட்ட வீட்டுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் 2016-இல் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஓராண்டு முழுவதும் எதையும் பூசவில்லை. ஒவ்வொரு வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து அனுப்பும்படி அண்ணன் மகளிடம் சொன்னேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, மேற்குச் சுவர் கோடையிலும் சமையலறைச் சுவர் ஆண்டு முழுவதும் அசைவது தெரிந்தது. மேற்கே பத்தடியில் ஒரு பெரிய வேம்பு. சமையலறைக்கு வெளியே பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் சுவரோரமாகவே வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. வாழையையும் தொட்டியையும் இருபது அடி தள்ளி வைத்தோம். கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளை மாற்றினோம். மாடித் தண்ணீர் சுவரோரம் விழாதபடி குழாய் வைத்துத் தெரு வாய்க்கால் வரை கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி ஆறு அடி அகலத்துக்கு, கீழே கனமான பாலித்தீன் விரிப்பிட்டு, வெளிப்பக்கம் வாட்டம் வைத்துக் கான்கிரீட் தளம் போட்டு, அது சுவரைத் தொடும் இடத்தைத் தார் கொண்டு அடைத்தோம். செலவு அதிகமில்லை. இத்தளம் மழைநீரைத் தள்ளுவதோடு, கோடையில் சுவரோர மண் வற்றுவதையும் தடுக்கிறது. மாறும் ஈரத்தின் எல்லை சுவரிலிருந்து ஆறு அடி அப்பால் போய்விடுகிறது.

வேம்பை வெட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முழுதாக வளர்ந்த மரம் பல ஆண்டுகளாக உறிஞ்சி வறளச் செய்திருக்கும் கரிசல், மரம் போனதும் மெல்ல மெல்ல ஈரத்தைத் திரும்பப் பெற்று ஊதத் தொடங்கும்; அப்போது வெடிப்பு எதிர்த்திசையில் கிளம்பும். ஆகவே மரத்தை விட்டுவிட்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குறுகிய பள்ளம் வெட்டி, கனமான பிளாஸ்டிக் விரிப்பை நெடுக்குவாட்டில் நிறுத்தி, மண்ணிட்டு மூடினோம். கிளைகளை ஆண்டுக்கொருமுறை கழிக்கிறோம். புதிதாக வைப்பவர்கள், மரம் வளரக்கூடிய முழு உயரத்தின் அளவுக்காவது வீட்டிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. இத்தனைக்கும் பிறகு வெடிப்புகள் மறைந்துவிடவில்லை. அவற்றின் ஆண்டு அசைவு ஆறு, ஏழு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. அதன் பிறகே பூசினோம்.

மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் 2003 முதல் அது கட்டாயம், பெங்களூரிலும் பழகிவிட்டது. செம்மண்ணில் சுவரோரம் ஊறல் குழி தோண்டுவது போலக் கரிசலிலும் தோண்டி, கூரைத் தண்ணீர் முழுவதையும் அஸ்திவாரத்தின் காலடியில் விடுகிறார்கள். கரிசல் தண்ணீரைக் கீழே விடுவதும் இல்லை. தானே குடித்து ஊதுகிறது. அங்கே தொட்டி கட்டிச் சேமிப்பதே பொருத்தம். ஊறல் குழிதான் வேண்டுமென்றால் வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி, கரிசலைக் கடந்த ஆழத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கடன் தரும் வங்கிகள் பட்டா கேட்கின்றன, வில்லங்கச் சான்று கேட்கின்றன, முப்பது ஆண்டு மூலப்பத்திரம் கேட்கின்றன; அந்த நிலத்தின் மண் என்ன வகை என்று கேட்ட வங்கியை நான் பார்த்ததில்லை. கரிசல் வட்டங்களில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, மூன்று மீட்டர் ஆழம் வரை எடுத்த மண்ணின் ஊதல் சோதனை அறிக்கையை இணைக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு தாள் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் காக்கும். சிறிய வீடுகளுக்கு இந்தச் சுமை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன சுமைக் கணக்குப்படி, அடிபடுவது சிறிய வீடுதான்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அரசுப் பொறியியல் கல்லூரிகளின் மண் ஆய்வகங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தனியாருக்கும் பரிசோதனை செய்து தருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. தென்மாவட்டங்களிலும் கோவைப் பக்கத்திலும் அத்தகைய ஆய்வகங்கள் எங்கெங்கே இருக்கின்றன, எவ்வளவு மண், எந்த ஆழத்திலிருந்து, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்ற விவரங்களைத் திரட்டித் தங்கள் பெங்களூர்ப் பதிப்பில் வெளியிட்டால் உதவியாக இருக்கும். தை பிறந்ததும் ஊரில் வானம் தோண்ட இங்கே பலர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மார்கழிக்குள் வந்தால் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜாலஹள்ளி, பெங்களூரு.